வாசல்களை எண்ணுதல்: வடக்கன்குளம் பங்குக் கோயிலும் அதன் தரைப்படமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



கோயில் கட்டடக்கலை பற்றிப் பேச அழைத்தபோது, எந்தக் கோயில் என்று கேட்டேன். அது உங்கள் விருப்பம் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில், பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் அருகே இருக்கும் வடக்கன்குளத்தின் திருக்குடும்பக் கோயில். கத்தோலிக்கப் பங்குக் கோயில். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான, அழகான, பழைய கோயில்கள் பல உண்டு. ஆனால் தன் தரைப்படத்தாலேயே பேசப்பட்ட கோயில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முதலில் இரண்டு சொற்கள். தென்மாவட்டக் கத்தோலிக்கர் வாயில் ‘தேவாலயம்’ என்ற சொல் எளிதில் வராது. ‘கோயிலுக்குப் போறேன்’, ‘பூசை கண்டாச்சா’, ‘கோயில்பிள்ளை மணியடிச்சாச்சு’ என்பதுதான் பேச்சு. நானும் கோயில் என்றே சொல்லப்போகிறேன். அடுத்த சொல் ‘பங்கு’. ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள ஊர்களையும் மக்களையும் சேர்த்துப் பங்கு என்பார்கள். நிலத்திலும் வீட்டிலும் சொத்திலும் நமக்கு உரிய பாகத்தைச் சொல்வதும் இதே சொல்தான். இன்று நான் சொல்லப்போகும் வழக்கு ஒன்று, இந்தச் சொல்லின் இரண்டு பொருளுக்கும் நடுவே நடந்தது. ஆகவே சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பங்குக் கோயிலின் முகப்பைப் பார்த்தால், கட்டிய சாமியார் எந்த நாட்டை நினைத்துக்கொண்டு கட்டினார் என்பது தெரியும். தரைப்படத்தைப் பார்த்தால், அந்த ஊரில் யார் யாரோடு உட்கார மறுத்தார்கள் என்பது தெரியும். பங்கின் முதல் ஆவணம் ஞானஸ்நானப் பதிவேடு என்று நினைக்கிறோம். அதற்கும் முன்னால் தரையிலேயே ஒரு பதிவு விழுந்துவிடுகிறது.

1. முகப்பு சொல்வது

இடைக்காட்டூருக்குப் போயிருப்பீர்கள். சிவகங்கைச் சீமையில், கண்மாயும் கருவேலமும் சூழ்ந்த ஊரில், 1894இல் எழுந்த திரு இருதயக் கோயில் கூரிய வளைவுகளோடு நிற்கிறது. பிரான்சின் ரேன்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். புதுச்சேரி சம்பா கோயிலின் முகப்பைப் பாருங்கள்: கீழே டோரிக் தூண்கள் இரட்டை இரட்டையாக, மேலே அயோனிக் தூண்கள். புனித பவுலின் பெயர் நம் நாக்கில் உருண்டு ‘சம்பா’ ஆனதைப் போலவே, ஐரோப்பியத் தூணும் நம் கொத்தனார் கையில் சுண்ணாம்புச் சாந்தாக உருண்டு நிற்கிறது.

இவை போற்ற வேண்டிய வேலைகள், ஐயமில்லை. ஆனால் நம் எழுத்து முகப்போடு நின்றுவிடுகிறது. பங்குகள் வெளியிடும் நூற்றாண்டு விழா மலர்களை ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வருகிறேன். அட்டையில் முகப்பு, உள்ளே ஆயரின் ஆசியுரை, பங்குச்சாமியார்களின் பட்டியல், கொடிமரமும் தேரும் வந்த கதை எல்லாம் இருக்கும். தரைப்படம் அச்சான மலர் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

2. உட்காரும் தரை

ஐரோப்பாவின் பங்குக் கோயிலுக்குள் நுழைந்தால் பெஞ்சு வரிசைகள் இருக்கும். பெஞ்சு தன்னளவிலேயே ஓர் ஒழுங்கைச் சொல்லிவிடும். நம் கிராமக் கோயில்களில் மிக அண்மைக்காலம் வரை பெஞ்சு இல்லை. இன்றும் பல ஊர்களில் இல்லை. பாய் விரித்தோ, வெறுந்தரையிலோ உட்காருவோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திறந்த தரையில் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று வெளியிலிருந்து வருபவருக்குத் தோன்றும். ஊர்க்காரருக்கு அப்படித் தோன்றாது.

எங்கள் ஊர்க் கோயிலில் எட்டுத் தூண்கள். என் ஆச்சி மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் பனையோலைப் பாயை விரிப்பாள். சாய்ந்து உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், தூணின் வெள்ளையில் ஒரு கருவட்டம் இருந்தது. பல வருடத் தேங்காயெண்ணெய். ஒவ்வொரு தூணிலும் அப்படி ஒன்று உண்டு, ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் தலை. திருவிழாவுக்கு முன் வெள்ளையடிப்பார்கள், வட்டங்கள் மறையும். அடுத்த தவக்காலத்துக்குள் அதே இடத்தில் திரும்ப வந்துவிடும். கடைசித் தூணுக்கு அப்பால் வட்டம் இல்லை. அங்கே உட்கார்ந்தவர்களுக்குச் சாயத் தூண் இல்லை.

ஒன்பது வயதில் ஒருநாள், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பையனைப் பார்த்துக் கடைசித் தூணுக்கு அப்பால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கம் தொடங்குவதற்குள் ஒரு கை என் தோளைப் பிடித்துத் தூக்கி, ஆச்சி பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. யாரும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி என் சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் நனைத்தாள். அவள் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் என் பெஞ்சிலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான். இன்றுவரை என்னை இந்த ஆய்வில் பிடித்து வைத்திருப்பது அந்தத் திங்கட்கிழமை.

எங்கள் கோயிலில் சுவரோ கிராதியோ கிடையாது. பழக்கமே வேலி. பழக்கத்தை நம்ப முடியாமல் போகும்போதுதான், அதாவது பின்னால் இருப்பவர்கள் முன்னால் வரத் தொடங்கும்போதுதான், செங்கல்லும் மரமும் தேவைப்படுகின்றன. இதை ஒரு விதியாகவே சொல்லத் துணிகிறேன். கோயிலுக்குள் சுவர் எழுந்த ஊர், ஒடுக்கப்பட்டவர்கள் அடங்கிக் கிடந்த ஊர் அன்று. அவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்ட ஊர்.

3. 1745, புதுச்சேரி

இதற்கு மிகப் பழைய சான்று ஒரு கத்தோலிக்கரின் ஏட்டில் இல்லை. பின்னாளில் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆன ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745 அக்டோபர்ப் பதிவில் இருக்கிறது. சேசு சபையாரின் சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதற்கு ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் வெள்ளாளக் கிறித்தவர்களும், சட்டைக்காரர்கள் எனப்பட்ட ஐரோப்பிய-இந்தியக் கலப்பினத்தவரும், ஐரோப்பியர்களும். பறையர் கிறித்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள்: நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இது ஏன் என்று. சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள்.

இதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் உரோமையிலிருந்து இது பற்றி ஓயாமல் ஓலை வந்துகொண்டிருந்தது. 1703இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன், மறு ஆண்டு, சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போயே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதையே கவனியுங்கள். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசியாக ஓர் ஆணை மடல் எழுதி விவாதத்தை மூடினார். அதன்படி பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்த தீர்வு.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தகர்த்தபோது அந்தக் கோயிலும் போயிற்று. இன்று நாம் பார்ப்பது 1791இல் அருச்சிக்கப்பட்ட கட்டடம். பழைய கோயிலின் தூண்கள் போய்விட்டன, பீடம் போய்விட்டது. அந்தச் சுவர் மட்டும், கிறித்தவர் அல்லாத ஒரு வணிகர் தன் வீட்டுத் திண்ணையில் கேட்டதை எழுதி வைத்ததால், நமக்குக் கிடைத்திருக்கிறது.

4. இரண்டு கால், ஒரு பீடம்

இனி வடக்கன்குளம். இந்த ஊர்க் கதையைத் தமிழில் விரிவாகத் தோண்டி எடுத்தவர் ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன். அவருடைய ‘கிறித்தவமும் சாதியும்’ நூலுக்கு இந்த உரை கடன்பட்டது. அவர் சமூக வரலாறாகப் பார்த்ததை நான் கட்டடமாகப் பார்க்க முயல்கிறேன்.

ஊரின் இருப்பிடம் முக்கியம். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். அதைத் தாண்டினால் அன்றைய திருவிதாங்கூர். அரசனுக்கு அஞ்சியவர்கள் இந்தப் பக்கம் வரலாம். அப்படி வந்தவர்தான் நீலகண்ட பிள்ளை. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி கையால் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி ஞானப்பூவின் கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. ஆண்டைக் கவனித்திருப்பீர்கள். புதுச்சேரியில் சுவர் இடிந்த அதே 1745. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர் என்று 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது திருச்சபை அவரைப் போற்றியது. அதற்கு முன்பே, வேண்டுகோள்கள் எழுந்த பிறகு, அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை எடுத்துவிட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டு கழித்து எழுந்த கோயிலைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

சேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, பிறகு உயிர்பெற்று, 1838இல் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மறைப்பணித்தளத்துக்குத் திரும்பி வந்தார்கள். வடக்கன்குளத்தில் அவர்கள் கண்டது இரண்டு சமூகம். பிள்ளைமாரும் முதலிமாருமாகிய வெள்ளாளக் கத்தோலிக்கர் ஒருபுறம், எண்ணிக்கையில் மிகுந்த நாடார்க் கத்தோலிக்கர் மறுபுறம். கோயில் காரியங்களில் முன்னுரிமை வெள்ளாளருக்கு. அக்கம்பக்கத்துத் தென்திருவிதாங்கூரில் நாடார்ப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859இல் அரச ஆணையே வந்துவிட்ட காலம். பனையேறியவர்கள் கடை வைத்தார்கள், நிலம் வாங்கினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். கோயிலில் மட்டும் பின்னால் இருக்க மனம் ஒப்புமா?

1872இல் கட்டிய கோயில் இந்தக் கேள்விக்குக் கட்டடக்கலை சொன்ன விடை. வழக்கமான பங்குக் கோயிலில் ஒரு நடுக்கூடம், அதன் முனையில் பீடம், வசதியிருந்தால் இரண்டு புறமும் சிலுவைக் கைகள். சில ஊர்களில் சிலுவையின் ஒரு கையையே ஒரு சாதிக்கு ஒதுக்கிவிடுவார்கள். வடக்கன்குளத்தில் அந்த ஏற்பாடு போதவில்லை. கை கொடுத்தால் அது இரண்டாம் இடம். இங்கே இரு தரப்பும் முதலிடம் கேட்டார்கள். ஆகவே நடுக்கூடமே இரண்டாயிற்று. இரண்டு நீண்ட கூடங்கள் தனித்தனி வாசலோடு தொடங்கி, சரிந்து வந்து, ஒரே பீடத்தில் கூடுகின்றன. இடையே சுவர். மேலேயிருந்து பார்த்தால் விரித்துவைத்த கால்சட்டை போல. ‘கால்சட்டைக் கோயில்’ என்று பெயரே விழுந்துவிட்டது.

இந்தத் தரைப்படத்துக்கு முன்னால் சற்று நேரம் நிற்போம். பீடத்தில் நிற்கும் குரு திரும்பினால் இரண்டு கூடங்களையும் பார்க்கலாம். இந்தக் கூடத்தில் உள்ளவருக்குக் குரு தெரிவார், பீடம் தெரியும், உயர்த்திப் பிடித்த அப்பம் தெரியும். அந்தக் கூடத்தில் உள்ளவரைத் தெரியாது. மணியோசை ஒன்று, மந்திரம் ஒன்று, எழுந்தேற்றம் ஒன்று. முழந்தாள் மட்டும் இரண்டு இடத்தில். வரைந்த கையின் திறமையை மறுக்க முடியாது. தூரத்தையும் கோணத்தையும் ஒளியையும் எண்ணிப் பார்த்துத்தான் இதைச் செய்ய முடியும். அந்த அறிவு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கடவுளைப் பார்ப்பது எப்படி என்ற கணக்குக்குச் செலவழிந்ததை நினைக்கும்போது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நாளில் தென்பாண்டிச் சீமையில் பெரிய கட்டடம் என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். சுட்ட சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து, காளை பூட்டிய கல்செக்கில் அரைப்பார்கள். தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி கரைத்த நீரும் சேரும். கருப்பட்டியின் இனிப்பு சாந்தை மெதுவாக இறுக வைக்கும், மெதுவாக இறுகியது நெடுநாள் நிற்கும். கொத்தனார்கள் சாந்தை நாக்கில் வைத்துப் பார்த்துப் பதம் சொல்வார்கள் என்று முதிய கொத்தனார் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கருப்பட்டி எந்த மரத்திலிருந்து வருகிறது, அந்த மரத்தில் ஏறியவர் யார் என்று தென்மாவட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் எழுந்த எந்தச் சாதிச் சுவரிலும், யாரைத் தடுக்க அது எழுந்ததோ அவர்கள் இறக்கிய பதநீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

5. இடித்தவரும் வழக்கும்

1910இல், அங்கே பணியாற்றிய பிரெஞ்சு சேசு சபைக் குரு கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். 1903இல் பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவர் இவரே. தென்மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன பலருக்கு அந்த சகோதரர்களைத் தெரியும்.

ஒரு விஷயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். 1872இல் சுவருக்கு இசைந்ததும் சேசு சபை, 1910இல் இடித்ததும் சேசு சபை. இடையில் முப்பத்தெட்டு ஆண்டு. முதல் தலைமுறைக் குருக்கள் கோழைகள், பின்னவர் வீரர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒரு தரப்பு கோயிலை விட்டே போய்விடும் என்ற அச்சத்தோடு அவர்கள் முடிவெடுத்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த முடிவு தவறு. செங்கல்லாகக் கட்டிய சமரசம் பிறகு உரிமையாகிவிடும். அடுத்து நடந்தது அதுதான்.

வெள்ளாளத் தரப்பு நீதிமன்றம் போனது. சட்ட இதழ்களில் ‘மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்’ என்ற பெயரில் 1917ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற வழக்கு இது. பார்த் என்பவர் திருச்சிராப்பள்ளி ஆயர். எங்கள் இடம் தனி, எங்கள் வாசல் தனி, இது நெடுங்கால வழக்கம், கோயிலும் அப்படியே கட்டப்பட்டது, சுவரைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. பங்கு மக்களாக இருப்பது ஒன்று, கோயில் தரையில் பங்கு கேட்பது இன்னொன்று. வழக்கின் முடிச்சு அங்கே இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. கிறித்தவர்களுக்குள் தீட்டு என்ற எண்ணத்தை உரிமையாக்கி நீதிமன்றம் நிலைநாட்டித் தர முடியாது, வழிபாட்டு ஒழுங்கு திருச்சபை அதிகாரிகளின் பொறுப்பு என்பது அதன் சாரம்.

இதன் பக்கத்தில் இன்னொரு வழக்கை வைத்துப் பார்க்காமல் வடக்கன்குளத்தின் எடை தெரியாது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் தீர்ப்பு வந்தது. வழக்காற்றின்படி நாடார்களுக்கு அங்கே நுழையும் உரிமை இல்லை. இரண்டே ஆண்டில், அதே சமூகத்தின் இன்னொரு பகுதியினருக்கு எதிரே நின்ற சுவர் வடக்கன்குளத்தில் விழுகிறது. கமுதியில் செல்லுபடியான ‘வழக்கம்’ என்ற வாதம் இங்கே செல்லவில்லை. கமுதித் தீர்ப்பு எதிர்த்தரப்புக்கு ஆதாரமாக இருக்கும்போது துணிந்து கடப்பாரையை எடுத்த ஒருவரின் தைரியத்தை இந்தத் தேதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

சுவர் போயிற்று. ஆனால் தரைப்படம் போகவில்லை. குறுக்குச் சுவரைக் கடப்பாரையால் எடுத்துவிடலாம். கூரையைத் தாங்கும் புறச்சுவர்களை எடுக்க முடியாது. இரண்டு கால்களும் இரண்டு வாசல்களும் அப்படியே நிற்கும். எந்த வாசல் பக்கத்தில், எந்தத் தெரு முன்னால் என்று கால்களுக்குப் பழக்கமாகிவிட்டிருக்கும். சுவரைக் கட்ட ஒரு சமரசம் போதும், வாசலை மறக்கத் தலைமுறைகள் வேண்டும். ஆகவேதான் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்கிறேன்: கோயிலுக்குள் போனதும் தூண்களைப் பார்க்காதீர்கள், வாசல்களை எண்ணுங்கள். எது எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது, எது அடைத்துக் கிடக்கிறது, எதன் படி தேய்ந்திருக்கிறது என்று குறியுங்கள்.

6. கடற்கரை

கடற்கரைக் கோயில்களில் இப்படிப்பட்ட சுவர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1581இல் மணப்பாட்டுத் தேரிமேட்டில் எழுந்த திருச்சிலுவைக் கோயிலானாலும், 1713இல் அருச்சிக்கப்பட்ட தூத்துக்குடி பனிமய மாதா கோயிலானாலும், அவை பரதவர் என்ற ஒரே சமூகத்தின் கோயில்கள். ஒரே நீண்ட கூடம் போதுமானதாக இருந்தது. அங்கும் மேசைக்காரர் என்ற மேட்டுக்குடிக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு இருந்தது. அது செங்கல்லாகவில்லை, வரிசையாகவும் தேர்வடத்தில் யார் கை முதலில் என்பதாகவும் நின்றது. உள்நாட்டுப் பங்குகளில் பல சாதிகள் ஒரே கூரைக்குள் வந்ததால்தான் தரைப்படம் சிக்கலாயிற்று.

7. சுவர் வெளியே போன பிறகு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இலிருந்து 1965வரை நடந்தது. பூசை தமிழில் வந்தது. குரு மக்களைப் பார்த்து நின்றார். நற்கருணை வாங்க முழந்தாளிட்ட கிராதியைப் பல கோயில்களில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கிராதிக்கு முன்னால் முதலில் யார், கடைசியில் யார் என்ற சண்டை எத்தனை ஊர்களில் நடந்தது! கிராதி போனதும் வரிசைச் சண்டைக்கு இருந்த மரமும் போயிற்று. தமிழ்க் கத்தோலிக்கருக்குச் சங்கம் செய்த நன்மைகளில் இதைப் பெரிதாக யாரும் எழுதவில்லை. நான் எழுதுவேன்.

ஆனால் கோயிலுக்குள் இடமில்லாமல் போன சுவர் வெளியே இடம் தேடிக்கொண்டது. கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சுவர் பற்றிச் செய்தித்தாள்களில் பலமுறை படித்திருப்பீர்கள். தேர் சுற்றும் வழிக்கும், சவ ஊர்வலம் வரும் வழிக்கும் போயிற்று. 2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததை இங்கே இருக்கும் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல் முற்றி, காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. வடக்கன்குளத்தில் ஒரு தரப்பு தனிச் சுவர் கேட்டு நீதிமன்றம் போனது, மேலே இருக்க. எறையூரில் ஒரு தரப்பு தனிப் பங்கு கேட்டது, மிதிபடாமல் இருக்க. இரண்டையும் ‘பிரிவினை’ என்று ஒரே சொல்லால் குறிப்பவர்கள் தரைப்படத்தைப் பார்க்காதவர்கள்.

ஆகவே கட்டட ஆய்வாளன் பீடத்திலிருந்து அளவெடுக்கத் தொடங்கிக் கோயில் வாசலில் நாடாவைச் சுருட்டிவிடக் கூடாது. தேர்த்தெரு, குருசடி, சப்பரம் திரும்பும் முனை, கல்லறைக்குப் போகும் ஒத்தையடி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பங்கின் தரைப்படம்.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ‘பழைய கோயில் சின்னதாகிவிட்டது’ என்று சொல்லி, சுண்ணாம்பில் எழுந்த கிராமக் கோயில்களை இடித்துக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டும் வேலை நம் கண்முன் நடக்கிறது. மக்கள் பெருகியிருக்கிறார்கள், இடம் வேண்டும், அதை நான் குறைசொல்லவில்லை. எங்கள் ஊரின் எட்டுத் தூணும் அப்படித்தான் போயின. நான் செய்தி கேள்விப்பட்டு ஊருக்குப் போனபோது, மூன்றாவது தூண் நின்ற இடத்தில் மணல் கொட்டியிருந்தார்கள். வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். புதுக் கோயிலின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார்கள்.

இடிப்பதற்கு முன் அளந்து வைக்கலாம். பெரிய செலவில்லை. இரண்டு மாணவர்கள், ஒரு முப்பது மீட்டர் நாடா, வரைதாள், ஒரு காலைப்பொழுது. ஞாயிறு வேண்டாம், வாரநாளில் போங்கள், சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். நீளம் அகலம் எடுத்ததும் வாசல்களைக் குறியுங்கள். சுவரில் அடைத்த வாசல் இருந்தால் பூச்சின் நிறம் காட்டிக்கொடுக்கும். பிறகு ஊரில் மூத்த பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிவாருங்கள், ஒருவர் மேலத்தெருவிலிருந்து, ஒருவர் கீழத்தெருவிலிருந்து. சிறுபிள்ளையில் எங்கே உட்கார்ந்தீர்கள் ஆச்சி, எந்த வாசலால் வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் நடந்துபோய் உட்காரும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதை அளந்து தாளில் ஏற்றுங்கள்.